அளவெடுத்த துப்பாக்கியோடு மூன்று ஆண்டுகள்

முதல் ஆண்டு முழுவதும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் வலது கன்னத்து எலும்பின்மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கன்றிப்போயிருக்கும். மேல்கையிலும் நீலம் பாரித்திருக்கும். துப்பாக்கி என்றால் உதைக்கத்தான் செய்யும், போகப் போகப் பழகிவிடும் என்று உடன் சுடுகிறவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். தோளிலும் கன்னத்திலும் பதியும் மரப் பின்பகுதியான கட்டை எனக்குப் பொருந்தாததால் வந்த வலி அது என்று தெரிந்துகொள்வதற்குள் ஓராண்டும் நிறையப் பணமும் போய்விட்டன.

தென் இங்கிலாந்தில் வசிக்கிறேன். இங்கே கிளே சுடுவது, அதாவது எந்திரம் வானில் எறியும் தட்டுகளைச் சுடுவது, பலருக்கு வார இறுதிப் பழக்கம். கிளே என்று பெயர்தான் களிமண், தட்டுகளைச் சுண்ணாம்புக்கல் தூளோடு கீல் கலந்து வார்க்கிறார்கள். வழக்கமான தட்டு 11 சென்டிமீட்டர் அகலம்கூட வராது. சிறு ரவைகளைக் கூட்டமாகச் சுடும் துப்பாக்கியான ஷாட்கன்னுக்குக் காவல்துறையிடம் சான்றிதழ் வாங்கி (ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்), வீட்டில் இரும்புப் பெட்டியைச் சுவரோடு முடுக்கி, பழைய 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல்கள் உள்ளது. கடைக்காரர் அதை என் தோளில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்றார். விசையிலிருந்து கட்டையின் பின்முனைவரை 14¾ அங்குலம். ஆறடிக்குச் சற்றுக் குறைந்த ஆணுக்கு ஏற்ற நீளம் அது. என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.

தட்டுகள் தப்பத் தப்ப, சோக்குகளை (ரவை எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிக்கும் குழல்வாய்க் குறுக்கிகளை) மாற்றினேன். 28 கிராம் ரவை உள்ள தோட்டாவிலிருந்து 24க்கும் பிறகு 21க்கும் இறங்கினேன். பயிற்சி வகுப்புகளுக்குப் போனேன். நூறு தட்டில் நாற்பதைத் தாண்டியதில்லை. கடைசியில் பயிற்சியாளரே, "இனி உங்களிடம் பணம் வாங்கினால் எனக்குத்தான் பாவம். முதலில் போய் அளவெடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவைத்தார்.

அளவெடுப்பவர் எழுபதை நெருங்கியவர். முதலில் கண்ணைச் சோதித்தார். இரண்டு கண்ணும் திறந்திருக்க, தூரத்துக் கம்பத்தை விரலால் சுட்டச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் ஓங்கியிருந்தால், கட்டையைச் சற்று வளைப்பதால் மட்டும் பயன் இல்லை. எனக்கு வலது கண்தான் ஓங்கியிருந்தது. பிறகு 16 கஜத்தில் சுண்ணாம்பு பூசிய இரும்புத் தகடு ஒன்றை நிறுத்தி, நடுப்புள்ளியைப் பார்த்து யோசிக்காமல் சுடச் சொன்னார். எட்டுத் தோட்டாக்கள் சுட்டேன். ரவைக் கூட்டங்கள் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தன, ஆனால் எட்டுமே புள்ளிக்கு இடப்பக்கம். "மேலும் கீழும் போவது நீங்கள் தலையைத் தூக்குவதால். இடது பக்கம் போவது மரத்தால்" என்றார்.

கணக்கையும் விளக்கினார். ஷாட்கன்னில் பின்பக்கக் குறி கிடையாது; கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. கண்ணுக்கும் குழல்வாய்க்கும் ஏறத்தாழ ஒரு கஜம். தகடு 16 கஜத்தில் இருப்பதால் அங்கே ஓர் அங்குலம் விலகினால் கட்டையில் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு திருத்த வேண்டும். என் விலகல் நான்கு அங்குலம், ஆகவே கட்டையைக் கால் அங்குலம் வலப்பக்கம் வளைக்க வேண்டும். அதே விலகல் 35 கஜத்தில் ஒன்பது அங்குலத்துக்கு அருகில் வந்துவிடும். ஓராண்டாக ரவைக் கூட்டத்தின் ஓரத்தால்தான் தட்டுகளைத் தொட முயன்றுகொண்டிருந்தேன்.

கன்னம் வைக்கும் மேல்விளிம்பும் எனக்குத் தாழ்ந்திருந்தது. கன்னத்தை அழுத்தி வைத்தால் கண் இறங்கி, குழல் மறைந்துவிடும். அதனால் பார்ப்பதற்காகத் தலையைத் தூக்குவேன், இடைவெளி விழும், உதைக்கும்போது மரம் அந்த இடைவெளியைக் கடந்து வந்து கன்னத்தில் அறையும். பெண்களுக்குக் கட்டையின் கீழ்முனையும் தொல்லைதான், மார்பில் குத்தும். அதை வெளிப்பக்கம் திருப்பி, முனைப் பகுதியின் சாய்வையும் மாற்ற வேண்டும்.

இணைப்புகளில் மடங்கி நீளும் அளவுத் துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கிறார். அதை என் தோளில் வைத்து, ஒரு திருகை நெகிழ்த்தி, இன்னொன்றை இறுக்கி, எதிரில் நின்று குழலின் நேர்கோட்டில் என் கண்ணைப் பார்த்தார். (தோட்டா இல்லை என்பதை இருவரும் இருமுறை சோதித்த பிறகுதான்.) என் கண்மணி குழல்மேல் ஓடும் பட்டையின் நடுவில் வந்து உட்கார்ந்ததும் எண்களைக் குறித்துக்கொண்டார். எனக்குப் புதுத் தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுப்பது நினைவுக்கு வந்தது. ஆயத்த ரவிக்கையின் கைக்குழி பிடித்தால் நம் தோளைக் குறை சொல்ல மாட்டோம். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் நான் ஓராண்டு என் தோளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டையைச் சூடேற்றி வளைத்து, ஓர் அங்குலத்துக்குமேல் வெட்டி, மேல்விளிம்பை ஏற்றி இறக்கும்படி செய்து, ரப்பர் முனை பொருத்தித் தந்தார். அளவெடுக்க 180 பவுண்டு, மரவேலைக்கு 390. வெட்டிய வாதுமை மரத்துண்டைத் துணியில் சுற்றித் தந்து, "பின்னால் விற்பதாக இருந்தால் இதையும் சேர்த்துக் கொடுங்கள். அதே மரத்தின் ரேகை வேறெங்கும் கிடைக்காது" என்றார். என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

முதல் ஆறு வாரம் என் எண்ணிக்கை 35க்கு இறங்கியது. உடம்பு பழைய கட்டைக்காகக் கற்றுவைத்திருந்த கோணலை விடவில்லை. தினமும் இரவு பத்து நிமிடம், காலித் துப்பாக்கியைக் கண்ணாடி முன் கன்னத்துக்கு ஏற்றிப் பழகினேன். கட்டை கன்னத்துக்கு வர வேண்டும், கன்னம் கட்டையைத் தேடிப் போகக் கூடாது. நான்காம் மாதம் ஐம்பதைத் தாண்டினேன். இப்போது எழுபதுகளின் நடுவில் நிற்கிறேன். இதில் பயிற்சியாளரின் பங்கும் பெரியது. ஆனால் அவர் சொன்னதை என் கை செய்ய ஆரம்பித்தது கட்டை மாறிய பிறகுதான். கன்னம் அதற்குப்பின் ஒருமுறைகூடக் கன்றவில்லை.

குறைகளும் உண்டு. பின்னால் மரம் குறைந்ததால் குழல் பக்கம் கனத்தது. கட்டைக்குள் ஈயக் கட்டி வைத்துச் சமன்செய்ய வேண்டியிருந்தது. முதல் குளிர்காலத்தில் தடித்த மேலங்கியோடு ஏற்றும்போது முனை அக்குளில் சிக்கியது. மெல்லிய ரப்பர் முனை ஒன்றையும் வாங்கி, நவம்பரில் மாற்றி ஏப்ரலில் திரும்ப மாற்றுகிறேன். ஒன்றரை ஆண்டு கழித்துத் தட்டுகள் மறுபடி இடப்பக்கம் தப்பத் தொடங்கின. அளந்தபோது வளைத்த மரம் ஒன்றரை மில்லிமீட்டர் திரும்பியிருந்தது. சூடேற்றி வளைத்த மரத்துக்கு அது இயல்பு என்று கூறி, அளவெடுப்பவர் பணம் வாங்காமல் மறுபடி வளைத்துக் கொடுத்தார். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை தகட்டில் சுட்டுப் பார்த்துவிடுகிறேன்.

எந்தப் பிரிவில் சுடுகிறீர்கள் என்பதை அளவெடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பிருத்விராஜ் தொண்டைமான் சுட்ட டிராப் பிரிவில், துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்ட பிறகுதான் தட்டை எறியும்படி குரல் கொடுப்பார்கள். தட்டும் மேலெழும்பிப் போகும்; அதற்கு மேல்விளிம்பு உயர்ந்த கட்டை ஒத்துவரும். நான் சுடும் ஸ்போர்ட்டிங் பிரிவில் தட்டு எந்தத் திசையிலிருந்தும் வரும், நான் அதைக் கண்ட பிறகே கட்டையை ஏற்றுகிறேன். இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. சுடும்போது அணியும் அதே மேலங்கியையும் கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை என்றால் இன்னும் நல்லது: முதலில் அளவெடுத்துக்கொண்டு, அந்த எண்கள் எழுதிய தாளோடு கடைக்குப் போங்கள்.