பார்க்காமலேயே 'மூலம்' என்றார்கள்

என் தம்பிக்கு 32 வயது. 11 மாதங்கள் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டான். அவனுக்கு மூலமே இல்லை. மலக்குடலில் புற்றுநோய்.

மலத்தில் இரத்தம் கலந்து வருகிறது என்றுதான் முதலில் போனான். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாற்காலியில் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டு, களிம்பும் மலமிளக்கியும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். படுக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. மறுபடி வயிற்றுவலியோடு போனபோது, மன அழுத்தத்தால் வரும் குடல் கோளாறு, ஐ.பி.எஸ்., என்றார்கள். அந்தக் கோளாறில் வலி வரும், வயிறு உப்பும், பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வரும். இரத்தம் போகாது, உடல் இளைக்காது. இவனோ 7 கிலோ இளைத்திருந்தான்.

எனக்கு இன்றும் ஆறாதது அந்த இரத்தப் பரிசோதனை அறிக்கைதான். ஹீமோகுளோபின் 9.4, இரும்புச்சத்துக் குறைவு. நன்றாகச் சாப்பிடும் ஓர் இளைஞனுக்கு இது ஏன் வர வேண்டும்? இரும்பு மாத்திரை எழுதினாரே தவிர, இரத்தம் எங்கே போகிறது என்று அந்த மருத்துவர் தேடவில்லை. "புற்றுநோயாக இருக்குமோ?" என்று நான் வாய்விட்டே கேட்டேன். "இந்த வயதிலா?" என்று சிரித்தார்.

வேறொரு மருத்துவர் கையுறை மாட்டி ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவர் முகம் மாறிவிட்டது. கட்டி ஆசனவாயிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரத்தில், விரல் எட்டும் தூரத்தில் இருந்தது. குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும், சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியும் அதைப் புற்றுநோய் என்று உறுதி செய்தன. நிணநீர்க் கணுக்களுக்கும் பரவி, மூன்றாம் நிலை.

ஐம்பது வயதுக்குக் கீழே இந்த நோய் பல நாடுகளில் கூடி வருகிறது. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50லிருந்து 45ஆகக் குறைத்தார்கள். ஆனால் அது அறிகுறி இல்லாதவர்களுக்கான கணக்கு. இரத்தம் போகிறவருக்கு வயது வரம்பே கிடையாது. மூலம் என்று சொன்னால், பார்த்துவிட்டுத்தான் சொல்கிறீர்களா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையில் இரத்தம் நின்றுவிட்டாலும் விடாதீர்கள். இவனுக்கும் இடையில் இரண்டு முறை நின்றது.

இப்போது கதிர்வீச்சு முடிந்து கீமோ நடக்கிறது. உடன்பிறந்தவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே மற்றவர்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு 36. செவ்வாய்க்கிழமை கொலோனோஸ்கோபிக்குப் போகிறேன்.