செட்டிநாட்டு எண்ணெய்க் குளியல், வெளிநாட்டுக் குளியலறையில்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

காரைக்குடி மில்லில் அரைத்த சீயக்காய்ப் பொடியைப் பெட்டி நிறையக் கொண்டுபோகிறவர்களில் பலர், இரண்டாம் மாதமே அதை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். பொடியில் குற்றமில்லை. அந்த அரவை திறந்த முற்றத்துக்கும் வாளித் தண்ணீருக்கும் ஆனது.

வீட்டுக் கலவையில் சீயக்காய் 1 கிலோவுக்குப் பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல் என்று சேரும். ஊரில் செம்பு செம்பாக மொண்டு ஊற்றுவதால் திப்பி அலசிப் போய்விடும். ஷவரின் மெல்லிய தாரைக்கு அந்த வேகம் கிடையாது. திப்பி முடிக்குள்ளேயே நிற்கும். ஊறிய வெந்தயமும் பயறு மாவும் வடிகுழாய் வலையில் பசையாக அப்பிக்கொள்ளும். அதனால் விதை நீக்கிய சீயக்காயை மட்டும் ஒன்றிரண்டாக உடைத்துக் கொண்டுபோங்கள். கைப்பெட்டியில் வேண்டாம், அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடியைத் தனியாகச் சோதிக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் இறங்கினால் செடிப்பொருள் என்று படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

உடைத்த சீயக்காய் 30 கிராம், வெந்தயம் 1 டீஸ்பூன், தண்ணீர் அரை லிட்டர். இரவு ஊறவைத்து, காலையில் சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பழைய வேட்டித் துணியில் பிழியுங்கள். வெந்தயத்தின் வழவழப்பு மட்டும் இறங்கும், திப்பி துணியில் தங்கும். தோள்வரை முடிக்கு இது ஒரு முறைக்குச் சரியாக இருக்கும். மீந்தால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் புளித்த வாடை வந்துவிடும். கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமை. தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுவதே நல்லது.

அடுத்தது தண்ணீர். செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுச் சாய்ப்பு வழியே முற்றத்து அண்டாவில் பிடிக்கும் மழைநீரில் கடினத்தன்மை இல்லை. லண்டன் தண்ணீர் சுண்ணப்பாறை வழியாக வருவதால் சுண்ணச்சத்து மிகுதி. எண்ணெய்த் தலைக்கு அங்கே சோப்புப் போட்டால், சோப்பும் கால்சியமும் சேர்ந்து கரையாத பிசுக்காக முடியில் ஒட்டும். 'சீயக்காய் வேலை செய்யவில்லை' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சோப்புத்தான் இருக்கிறது. சீயக்காயின் நுரை தரும் சபோனின் அப்படிப் பிசுக்காகாது. கடைசி அலசலுக்குக் கெட்டிலில் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரை, அடியில் படியும் வெள்ளை வண்டலை விட்டுத் தெளிவாக இறுத்து எடுங்கள். ஒரு லிட்டருக்கு எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன் கலந்தால் சிக்கு எளிதாகப் பிரியும்.

எண்ணெயில் அளவைக் குறைத்தே ஆகவேண்டும். அப்பத்தா தேய்ப்பதுபோல உச்சி முதல் பாதம்வரை கால் படி ஊற்றினால் பாத்டப் வழுக்கும்; விழுந்தால் இடுப்புத்தான் போகும். உச்சந்தலைக்கு 15 மில்லி போதும், காலடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், குளிர்காலத்தில் வடிகுழாய்க்குள்ளும் அதே கதைதான். நல்லெண்ணெய் உறையாது. ஆனாலும் அரை மணி ஊறியபின் டிஷ்யூவால் ஒற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, சீயக்காய்ச் சாற்றை இரண்டு தடவையாகப் பிரித்துத் தேயுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் பின்கழுத்துப் பக்கம் எண்ணெய் நிற்கும். மறுநாள் தலையணை உறையில் சிக்கு வாடை அடிக்கும்.

ஆண்களுக்குச் சனிக்கிழமை என்ற ஊர் வழக்கம் வெளிநாட்டு விடுமுறைக்கும் பொருந்துகிறது. செவ்வாய், வெள்ளி முழுக்குப் போடும் பெண்கள்தான் நாளை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். தலைக்குச் சாம்பிராணி காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அடுக்குமாடி வீட்டில் புகை அலாரம் அடித்து அக்கம்பக்கத்தாரெல்லாம் படியிறங்க நேரும்.

குண்டு மஞ்சள் அக்ரிலிக் தொட்டியிலும் வெள்ளைத் துண்டிலும் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் பட்டால் கறை சிவக்கும். வெயிலில் காயப்போட்டால் வெளுக்கும், ஆனால் வெயில் வேண்டுமே! கஸ்தூரி மஞ்சள் அவ்வளவாகக் கறைபடியாது, வாடகை வீட்டுக்கு அதுவே நல்லது. கண்ணுக்கு மையாக இடக் கடைகளில் கிடைக்கும் சுர்மாப் பொடியில் ஈயம் இருக்கக்கூடும், அமெரிக்காவில் அதற்கு அனுமதியே இல்லை. குழந்தை கண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

மருதாணிக் கூம்பு வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். அரை மணியில் கன்னங்கரேலென்று பிடித்தால் அது மருதாணி இல்லை. முடிச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும், தோல் கொப்பளித்துத் தழும்பாகலாம். அசல் மருதாணி முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து, இரண்டாம் நாள்தான் சிவக்கும். கை சில்லிட்டிருந்தால் நிறம் பிடிக்காது. காய்ந்ததும் துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, காலையில் தண்ணீர் படாமல் சுரண்டி எடுங்கள்.