வேலூர் கன்சல்டன்சிகளின் 'எஸ்ஸே பேக்கேஜ்': எதற்குக் காசு கொடுக்கலாம்?

இன்ஜினியரிங் என்றால் டிஎன்இஏ கவுன்சலிங், மருத்துவம் என்றால் நீட், விஐடி என்றால் அதற்கென்று ஒரு நுழைவுத் தேர்வு. எந்த வாசலிலும் "உன்னைப் பற்றி எழுது" என்று நம் பிளஸ் டூ பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. அதனால் வெளிநாட்டுக் கல்லூரி கட்டுரை கேட்டதும், அதை அப்படியே வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கன்சல்டன்சி தலையில் கட்டிவிடுகிறார்கள். வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் இந்தக் கட்டுரை வேலைக்கென்று விற்கும் 'எஸ்ஸே பேக்கேஜ்'களுக்குத்தான் இந்த மதிப்புரை. கடைப் பெயர்கள் வேண்டாம், பெரும்பாலான இடங்களில் குறை ஒன்றேதான்.

இவர்களுக்குப் பிழைப்பே வெளிநாட்டில் எம்எஸ் (முதுநிலை) படிக்கப் போகிற மாணவர்களை வைத்துத்தான். படித்த பாடம், செய்த புராஜெக்ட், அடுத்து ஆராய நினைப்பது என்று போகும் எஸ்ஓபியை (நோக்க அறிக்கை) கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிடுவார்கள். இளநிலைக்கு காமன் ஆப் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் தளம்) கேட்பதோ வேறு சரக்கு: ஏழு கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்து, 250 முதல் 650 சொற்களுக்குள், எழுதுகிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று காட்ட வேண்டும். அங்கே போய் "சிறு வயது முதலே கணினி மீது தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்கும் பழைய எஸ்ஓபியை ஒட்டினால் யார் படிப்பார்கள்? இன்னொரு விபத்தும் உண்டு. காமன் ஆப்பில் இருபது கல்லூரிகள் வரை சேர்க்கலாம், முதன்மைக் கட்டுரை பொதுவாக எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதில் ஒரு கல்லூரியின் பெயரைப் புகழ்ந்து எழுதிவைத்து மாற்றாமல் அனுப்பினால் மற்ற கல்லூரிகளும் அதைத்தான் படிக்கும். 'ஏன் எங்கள் கல்லூரி' என்பதைப் பல கல்லூரிகள் தனியாகவே கேட்கின்றன.

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் கன்சல்டன்சியைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: "யூகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) கேட்கும் ஸ்டேட்மென்ட் எப்படி இருக்க வேண்டும்?" 2026 சேர்க்கையிலிருந்து அது ஒரே நீளக் கட்டுரை இல்லை. இந்தப் படிப்பு ஏன், இதுவரை படித்தது அதற்கு எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்று மூன்று கேள்விகள். மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் அதில் அடக்கம். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350. இதைச் சொல்லத் தெரியாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பேக்கேஜில் உண்மையிலேயே கொடுக்கும் காசுக்குத் தகுந்தது மாணவரோடு உட்கார்ந்து பேசும் முதல் சந்திப்புதான், அதுவும் எதிரே இருப்பவருக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தால். "மருத்துவமனைக்கு வருவோருக்கு உதவி மனிதநேயம் கற்றேன்" என்று ஒரு டிராஃப்ட் வருகிறது என்று வையுங்கள். மட்டமான எடிட்டர் அதில் 'பிளெத்தோரா', 'மிரியட்' என்று பகட்டான ஆங்கிலச் சொற்களைத் தூவிக் கொடுப்பார். நல்லவர் குடைவார்: எங்கே உதவினாய், யாருக்கு, என்ன தப்பாகப் போனது? அப்போதுதான் விஷயம் வெளியே வரும். சிஎம்சி மருத்துவமனை பக்கம் அப்பா நடத்தும் லாட்ஜில், வங்காளத்திலிருந்து வந்த ஒருவர் காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டுப் போய், ரத்தப் பரிசோதனை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பையன் ஒரு அட்டையில் 'பரிசோதனைக்கு முன் சாப்பிடாதீர்கள்' என்று பெங்காலியில் எழுதச் சொல்லி வாங்கி ரிசப்ஷனில் மாட்டினான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது உதவவில்லை என்று தெரிந்ததும், தட்டின் மேல் பெருக்கல் குறி போட்டுப் படமாக மாற்றினான். கட்டுரை அந்த இரண்டாவது அட்டைதான். சம்பவத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போதும், மீதி அவன் யோசித்த விதத்துக்கு. பெரும்பாலான டிராஃப்ட்கள் இதைத் தலைகீழாகச் செய்து, யோசனையைக் கடைசி இரண்டு வரியில் திணிக்கின்றன. (1806 சிப்பாய்ப் புரட்சியில் ஆரம்பிக்கும் கட்டுரைகளுக்கும் ஒரு வார்த்தை: கோட்டை பெருமைதான், ஆனால் விண்ணப்பம் போடுவது கோட்டை இல்லை.)

எழுதியே தருகிறோம் என்னும் பேக்கேஜுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. ஏஐ எழுதிய உள்ளடக்கத்தைச் சொந்த எழுத்தாகக் கொடுப்பதை காமன் ஆப் மோசடிப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. யூகாஸ் ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஆகவே ஒரே டெம்ப்ளேட்டைப் பத்துப் பேருக்கு விற்கும் கடையில் வாங்கியவர் சிக்கலாம்.

பணம் கட்டுமுன் எத்தனை சுற்றுத் திருத்தம் என்று எழுத்தில் வாங்குங்கள். டிராஃப்ட் மாணவருடைய கூகுள் டாக்ஸில் இருக்கட்டும், எடிட்டர் ஓரத்தில் கமென்ட் மட்டும் போடட்டும். வாக்கியத்தையே மாற்றினால் வெர்ஷன் ஹிஸ்டரியில் தெரிந்துவிடும். விண்ணப்பக் கணக்கு மாணவரின் சொந்த மெயிலில்தான் தொடங்க வேண்டும். அலுவலக மெயிலில் தொடங்கினால் கல்லூரியிலிருந்து வரும் கடிதம் அங்கேயே தூங்கும்.

காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். பல அமெரிக்கக் கல்லூரிகளின் ஜனவரி கெடு நம் அரையாண்டுத் தேர்வை ஒட்டியே வருகிறது, ஆகவே முதல் டிராஃப்ட் கோடை விடுமுறையிலேயே முடிந்திருக்க வேண்டும். கடைசி நாள் மாலை அனுப்பும் பழக்கமுள்ள கன்சல்டன்சியிடம் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்: யூகாஸ் கெடு பிரிட்டன் நேரப்படி மாலை 6 மணி. ஜனவரியில் அது நமக்கு இரவு 11.30, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கான அக்டோபர் 15 அன்றோ 10.30.