முப்பத்திரண்டு பேரும் ஒரு மஞ்சள் கொடியும்: கோவையிலிருந்து ஜப்பானுக்கு ஒரு குழுச் சுற்றுலா

கடந்த ஐப்பசி மாதக் கடைசியில் நானும் மனைவியும் எழுபத்திரண்டு வயதான என் அம்மாவும் கோயமுத்தூரில் உள்ள ஒரு பயண நிறுவனத்தின் வழியாக ஜப்பானுக்கு எட்டு இரவுகள் கொண்ட குழுச் சுற்றுலா சென்று வந்தோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் எனக்குக் கிடைத்த நான்கைந்து ஜப்பான் சுற்றுலா நோட்டீசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஊர்களின் வரிசையும் சாப்பாட்டு ஏற்பாடும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆகவே இந்த மதிப்புரை ஒரு கடையைப் பற்றியது என்பதைவிட, அந்தக் கடைகளெல்லாம் விற்கும் ஒரே சரக்கைப் பற்றியது.

தலைக்கு 2,85,000 ரூபாய். விமானச் சீட்டு, விசா, மூன்று வேளை உணவு, நுழைவுக் கட்டணங்கள் அனைத்தும் அதில் அடக்கம். ஜி.எஸ்.டி.யும், வருமான வரிக்கு முன்கூட்டியே வசூலிக்கும் டி.சி.எஸ். பிடித்தமும் அதற்கு மேல் தனி; பின்னதை வருமான வரிக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்றாலும், பணம் கட்டும் நாளில் அதுவும் கையிலிருந்து போகிற காசுதான். நோட்டீசின் முகப்பில் செர்ரிப் பூக்கள் பூத்துக் குலுங்கின. அந்தப் பூக்கள் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பூப்பவை. நாங்கள் போனதோ நவம்பரில். இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

முதலில் அவர்கள் நன்றாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கான காகிதங்களை முழுக்க அவர்களே அடுக்கிக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் விமானம் மாறும்போது அம்மாவுக்குச் சக்கர நாற்காலி காத்திருந்தது. டூர் மேனேஜராக வந்த பொள்ளாச்சித் தம்பி, முப்பத்திரண்டு பேரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு முழங்கால் வலி, யார் முட்டைகூடத் தொடமாட்டார்கள் என்பதை இரண்டாம் நாளே மனப்பாடமாகச் சொன்னார். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போகும்போது பெரிய பெட்டிகளை நாங்கள் தூக்கவில்லை. ஒரு விடுதியில் ஒப்படைத்தால் மறுநாள் அடுத்த விடுதியில் கொண்டுவந்து சேர்க்கும் 'தக்யூபின்' என்னும் பார்சல் முறை ஜப்பான் முழுவதும் உண்டு, அதில் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார்கள். அந்த ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அதற்குரிய இருக்கையை முன்பதிவு செய்தாக வேண்டும் என்பதாலும், இடைப்பட்ட நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும் என்பதாலும், வயதானவர்கள் நிறைந்த குழுவுக்கு இதைவிடச் சரியான ஏற்பாடு கிடையாது. ஒரே ஒரு குறை. அன்றிரவு பெட்டி நம்மோடு வராது என்பதை முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் சொன்னார்கள். அவிநாசியிலிருந்து வந்த ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டு, கியோட்டோவில் குழுவிலிருந்த இன்னொருவரிடம் அதே மாத்திரையைக் கடன் வாங்கும்படி ஆயிற்று.

சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஜப்பானியச் சமையலில் சாறு, குழம்பு, நூடுல்ஸ் என்று எதை எடுத்தாலும் அடியில் 'தாஷி' என்ற ஒரு கொதிநீர் இருக்கும். அது பெரும்பாலும் உலர்த்திய மீனின் சீவலையும் கடற்பாசியையும் ஊறவைத்து எடுப்பது. தட்டில் வெறும் காய்கறி மட்டுமே தெரிந்தாலும் சைவம் என்று நம்பிவிட முடியாது. இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்க நிறுவனம் கண்ட வழி, பகலிலும் இரவிலும் வட இந்திய உணவகம். எட்டு நாளில் பதின்மூன்று வேளை பனீரும் தால் மக்கனியும் நான் ரொட்டியும் சாப்பிட்டோம். 'தென்னிந்திய உணவு உண்டு' என்று நோட்டீசில் இருந்தது டோக்கியோவில் ஒரு காலையில் இட்லியாக வந்து, அத்தோடு முடிந்தது. ஐந்தாம் நாள் இரவில் விடுதியறையின் மின்கெண்டியில் வெந்நீர் வைத்து, கொண்டுபோன அவலை நனைத்துப் பருப்புப் பொடி போட்டு அம்மா பிசைந்து கொடுத்தது, அந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த சாப்பாடு. எனக்கு வருத்தம் வேறொன்றில். கியோட்டோவில் புத்த மடங்களின் வழிவந்த 'ஷோஜின் ரியோரி' என்ற முழுச் சைவ உணவு உண்டு. மீன் சாறுக்குப் பதிலாகக் கடற்பாசியும் உலர்ந்த காளானும் சேர்த்து ஆக்குவார்கள். விலை கூடுதல்தான். ஆனாலும் பதின்மூன்று பனீர் வேளைகளில் ஒன்றை விட்டுக்கொடுத்து அந்த ஊரின் சொந்தச் சைவத்தை ஒருமுறை காட்டியிருந்தால், முப்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட முறையிட்டிருக்கமாட்டார் என்பது என் கணக்கு.

விடுதிகள் சுத்தம், சிறியவை. இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் திறக்க இடமில்லை. வேறு குறையில்லை.

ஊர்களைக் காட்டிய விதத்தில்தான் என் முழு வழக்கும் இருக்கிறது. டோக்கியோவில் அசகுசாவின் சென்சோஜி கோயிலுக்கு ஐம்பது நிமிடம், 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரத்துக்கு இரண்டு மணி நேரம், ஷிபுயா நாற்சந்தியில் பதினைந்து நிமிடம். மூன்றாம் நாள் ஃபுஜி மலை. 3,776 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் ஐந்தாம் நிலை எனப்படும், ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்திலுள்ள இடம்வரை பேருந்து ஏறுகிறது. நாங்கள் போனபோது எங்கும் மேகம். ஊட்டியில் பனிக்குள் நின்று தேநீர் குடிப்பதற்கும் அதற்கும் வேறுபாடு ஒன்றுமில்லை. மேகத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. ஆனால் மறுநாள் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ நோக்கிப் போகும் ரயிலில் வலப்பக்கச் சன்னலில், அதாவது 'ஈ' வரிசை இருக்கையில், புறப்பட்ட முக்கால் மணி நேரத்தில் மலை முழுதாகத் தெரியும். எங்களுக்கு இருக்கைகளைப் பெயரின் அகரவரிசைப்படி பகிர்ந்திருந்தார்கள். பாதிக் குழு கடல் பக்கம் உட்கார்ந்திருந்தது, மலை வரப்போகிறது என்று எவரும் சொல்லவும் இல்லை. நடைபாதை வழியாக ஒருவர் 'அண்ணா, அங்க பாருங்க!' என்று கத்தியபோது எழுந்தவர்கள் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பித் திருப்புவதற்குள் மலை போய்விட்டது. அந்த வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 285 கிலோமீட்டர்.

கியோட்டோ 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைநகராக இருந்த ஊர். அதற்கு எங்கள் திட்டத்தில் ஒன்றரை நாள். பொற்கோயில் எனப்படும் கின்ககுஜியைக் குளத்துக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தோம். 1950இல் ஓர் இளந்துறவி வைத்த தீயில் எரிந்து 1955இல் மீண்டும் கட்டப்பட்டது என்று வழிகாட்டி அம்மையார் அழகாகச் சொன்னார். அங்கே போகும் வழியில்தான் எனக்கு மனம் கசந்தது. நான் சென்னிமலையில் தறி வீட்டில் பிறந்தவன். பாவு ஓட்டுவதும் ஊடை சுற்றுவதும் பார்த்து வளர்ந்தவன். எங்கள் தறியின் தலைக்குமேல், துணியில் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியும் அதில் துளையிட்ட அட்டைகளும் தொங்கும். கியோட்டோவின் நிஷிஜின் வட்டாரம் பட்டு நெசவுக்குப் பெயர்போனது. 1467இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த ஓனின் போரில் மேற்குப் படை பாளையமிட்டிருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். போர் முடிந்து திரும்பிய நெசவாளிகள் அங்கே தறி போட்டார்கள். பின்னாளில் பேரரசர் டோக்கியோவுக்குப் போனதும் வாங்குவோர் குறைந்து தொழில் தளர்ந்தபோது, 1872இல் நெசவாளிகளையே பிரான்சின் லியோன் நகரத்துக்கு அனுப்பி ஜக்கார்டு தறியைக் கொண்டுவரச் செய்தார்கள். எங்கள் வீட்டுத் தறியும் அந்த ஊர்த் தறியும் ஒரே பாட்டியின் பேத்திகள் என்று இதைப் படித்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவன் நான். வழிகாட்டி 'வலப்பக்கம் நிஷிஜின்' என்றார், பேருந்து நிற்கவில்லை. திட்டத்தில் அதற்குப் பதிலாக இருந்தது 'கிமோனோ அனுபவம்': வாடகைக் கிமோனோவில் இருபது நிமிடம் படம் எடுப்பது. ஈரோடு, திருப்பூர், சென்னிமலை, சிறுமுகை என்று பாதிப்பேர் நூலிலும் துணியிலும் பிழைக்கும் ஊர்களிலிருந்து ஆள் கூட்டிப்போகும் நிறுவனம் இதை யோசிக்கவே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபுஷிமி இனாரிக் கோயிலுக்கு அவர்கள் ஒதுக்கியது முப்பது நிமிடம். அடிவாரத்தில் குழுப் படம் எடுப்பதற்கே அது சரியாகப் போயிற்று. அது இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும், நுழைவுக் கட்டணமும் இல்லை என்பதை அறிந்து, மறுநாள் விடியும் முன்பே நானும் மனைவியும் கியோட்டோ நிலையத்தில் 150 யென் சீட்டு எடுத்து இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம். ஆயிரக்கணக்கான செந்நிற வாயில்கள் மலைமேல் வரிசையாக ஏறுகின்றன. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு வாயிலின் பின்புறத்திலும் அதைக் காணிக்கை அளித்த கம்பெனியின் அல்லது ஆளின் பெயர் கறுப்பெழுத்தில் இருக்கும்; இனாரி நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம். நம் கோயில்களில் ட்யூப் லைட்டின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று எழுதுவது நினைவுக்கு வந்து இருவரும் சிரித்துவிட்டோம். எட்டு மணிப் பேருந்துக்குத் திரும்பிவிட்டோம். செலவு இருவருக்கும் போக வர 600 யென்; பயணத்தின் மிகச் சிறந்த இரண்டு மணி நேரம் அதுதான், அது தொகுப்பில் இல்லாதது.

நாராவில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, 'ஏஞ்சாமி, இவருக்குக் கண்ணு தொறந்தது யாரு?' என்றார். சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு வரும் நியாயமான கேள்வி. அதற்கு விடையும் இருக்கிறது: 752இல் நடந்த கண் திறப்பில் தூரிகை பிடித்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி, அவர் தென்னாட்டவர் என்று சொல்லப்படுவதும் உண்டு. தூரிகையில் கட்டிய நீண்ட கயிறுகளைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டு தாங்களும் கண் திறப்பில் பங்குகொண்டார்கள். நான் சொன்னதும் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் நெருங்கி வந்து கேட்டார்கள். ஆனால் வழிகாட்டி இதைச் சொல்லவில்லை. மான்களுக்கு பிஸ்கட் கொடுக்க ஒரு மணி நேரமும், கோயிலுக்கு இருபத்தைந்து நிமிடமும் கொடுத்தார்கள்.

ஹிரோஷிமாவுக்கு ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரே நாளில் போய்வந்தோம். அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்கு நாற்பது நிமிடம் என்றார்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு நின்றுபோன கைக்கடிகாரத்துக்கும், நான்கு வயதுகூட நிரம்பாத பிள்ளை ஓட்டிக்கொண்டிருந்த மூன்று சக்கர வண்டிக்கும் முன்னால் நிற்பதற்கே அந்த நேரம் போதவில்லை. அந்த வண்டியைப் பிள்ளையோடு சேர்த்துத் தோட்டத்தில் புதைத்த தகப்பன், 1985இல்தான் தோண்டி எடுத்திருக்கிறார். எங்கள் குழுவைக் கூட்டும் மஞ்சள் கொடி வாசலில் அசைந்தபோது எவரும் பேசாமல் வெளியே வந்தோம். அதற்கு மறுநாள் ஒசாகாவில் ஒரு வரியில்லாக் கடையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்து மூட்டுவலி மாத்திரை விற்றார்கள். இந்த இரண்டு நேரங்களையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாலே இந்த மதிப்புரையில் பாதி குறைந்திருக்கும்.

வயதான பெற்றோரோடு முதல்முறை வெளிநாடு போகிறவர்கள் இதை வாங்கலாம். நான் அம்மாவைத் தனியாக அழைத்துப்போயிருந்தால் இவ்வளவு பத்திரமாகத் திரும்பியிருப்பேனா என்பது ஐயமே. நடக்கத் தெம்புள்ள, அலைபேசியில் வரைபடம் பார்க்கத் தெரிந்த இருவர் போவதானால் இவ்வளவு பணம் தேவையில்லை: அறிவிப்புகளும் பெயர்ப்பலகைகளும் ஆங்கிலத்திலும் இருப்பதால், அங்கே ரயில் ஏறுவது காந்திபுரத்தில் சரியான பேருந்தைக் கண்டுபிடிப்பதைவிடச் சுலபம். எப்படிப் போனாலும் கழற்றி மாட்ட எளிதான செருப்பும் ஓட்டையில்லாத காலுறையும் வேண்டும். முன்பணம் கட்டும் முன் ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நிமிடம், கடைகளில் எத்தனை நிமிடம் என்று எழுதி வாங்குங்கள்.

கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். விடுதி, உணவு, பேருந்து, மேனேஜர் என்று நான்கு கட்டங்கள். நேரத்துக்குக் கட்டம் இல்லை. நான்கிலும் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, மேலே எழுதியவற்றைத் தாளின் பின்பக்கத்தில் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். தம்பி நின்றபடியே முழுக்கப் படித்தார். 'அடுத்த பேட்சுக்கு ஈ சீட்டுக்குக் கண்டிப்பா சொல்றேனுங்ணா' என்றார். தறியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.