பீத்தோவனின் பிராட்வுட் பியானோ: பார்த்தால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்

புடாபெஸ்ட் போகிற எண்ணம் இருந்தால் ஹங்கேரி தேசிய அருங்காட்சியகத்தின் சொத்தான இந்தப் பியானோவைத் தவறவிடாதீர்கள். தயாரிப்பு எண் 7362, மஹோகனி மர உடம்பு, ஆறு ஆக்டேவ் (ஸ்தாயி). லண்டன் பிராட்வுட் பியானோ கம்பெனியின் தாமஸ் பிராட்வுட் 1817 டிசம்பரில் பீத்தோவனுக்கு அன்பளிப்பாகக் கப்பலேற்றியது இது. ட்ரியெஸ்ட் துறைமுகம் வரை கடல், அப்புறம் மலைப்பாதையில் வண்டி கட்டி பீத்தோவன் இருந்த வியன்னா. ஆஸ்திரிய அரசு சுங்க வரியைக்கூட வேண்டாம் என்று விட்டுவிட்டது. பியானோ கைக்கு வருவதற்கு முன்பே, 1818 பிப்ரவரியில், இதை ஒரு பீடமாக வைத்து கலைத் தெய்வம் அப்பல்லோவுக்குக் காணிக்கை படைப்பேன் என்று பீத்தோவன் பிராட்வுட்டுக்கு எழுதிவிட்டார்.

விசைகளுக்குப் பக்கத்தில் மரத்திலேயே அக்கால இசைக்கலைஞர்கள் மையால் போட்ட கையெழுத்துகள் இருக்கின்றன: கால்க்பிரென்னர், கிராமர், ஃபெராரி, நிவெட், அப்புறம் பீத்தோவனின் சீடர் ரீஸ். வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அதைப் பாருங்கள்.

காது கேட்காத பீத்தோவன் ஓங்கி ஓங்கி அடித்ததில், 1824-ல் லண்டனிலிருந்து பார்க்க வந்த ஸ்டும்ப்ஃப் என்ற ஹார்ப் தயாரிப்பாளர் அறுந்து சிக்கிக் கிடந்த தந்திகளைத்தான் கண்டார். பீத்தோவன் இறந்ததும் ஏலத்தில் 181 ஃப்ளோரினுக்கு இசைப் பதிப்பாளர் ஸ்பினா எடுத்தார். அவர் அதை ஹங்கேரிய இசைமேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்டுக்குக் கொடுத்தார், லிஸ்ட் 1874-ல் இந்த அருங்காட்சியகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். இத்தனை கை மாறியும் விலைக்குப் போனது அந்த ஒரே ஏலத்தில்தான், அதனால்தான் இது யாரோ ஒரு பணக்காரர் வீட்டுக் கூடத்தில் முடங்காமல் பொதுச்சொத்தாக நிற்கிறது என்பது என் எண்ணம்.

சரி, சத்தம் எப்படி? 1990களின் தொடக்கத்தில் பழைய பியானோக்களைப் பழுதுபார்க்கும் டேவிட் வின்ஸ்டன் இதைச் சீர்செய்தார், சிங்கப்பூரில் பிறந்த பியானோ கலைஞர் மெல்வின் டான் இதிலேயே வாசித்துப் பதிவும் செய்தார். அன்றைய வியன்னா பியானோக்களின் விசை லேசானது, தொனி பளிச்சென்று வந்து சட்டென்று நிற்கும். இது போன்ற இங்கிலீஷ் பியானோவின் விசை கனமானது, ஆழமாக அழுத்த வேண்டும், தந்தியின் அதிர்வை நிறுத்த வேண்டிய டாம்பர் முழுதாக அடக்காததால் ஒலி கொஞ்சம் தேங்கும். கீழ் சுரங்களில் அது அபாரம், மேல் சுரங்களில் கொஞ்சம் மங்கல். டாம்பர்களைத் தூக்கும் வலது பெடலை இரண்டாகப் பிளந்து கீழ் சுரங்களுக்குத் தனி, மேல் சுரங்களுக்குத் தனி என்று வைத்திருக்கிறார்கள், இன்றைய பியானோவில் அந்த வசதியே கிடையாது. டானின் பதிவைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், நல்ல ஹெட்ஃபோனில் இடது கைப் பகுதியைக் கவனித்துக் கேளுங்கள்.