எதற்கு இந்த ஊசி என்று தினமும் கேட்கிற வார்டு

என் தங்கை மேல் வெந்நீர் கொட்டி நெஞ்சு, வயிறு, வலது கை என்று உடம்பில் சுமார் 25 சதவீதம் வெந்துபோனது. ஐந்து வாரம் தீக்காயப் பிரிவில் அவள் கூடவே இருந்தேன். கட்டில், கழிப்பறை எல்லாம் பரவாயில்லை, அதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் சொல்ல வந்தது அங்கே ஆன்டிபயாடிக் எழுதுகிற விதத்தையும், அதைவிட முக்கியமாக அதை நிறுத்துகிற விதத்தையும்.

முதலில் சேர்த்த இடத்தில், போன ஒரு மணி நேரத்திலேயே மூன்று ஆன்டிபயாடிக் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எதற்கு என்று கேட்டால் "இன்ஃபெக்‌ஷன் வராம இருக்கத்தான்" என்பதோடு சரி. நாலு நாள் ஓடியது. கேஸ் ஷீட்டில் காரணமும் இல்லை, எப்போது நிறுத்துவது என்ற தேதியும் இல்லை. இந்தத் தீக்காயப் பிரிவுக்கு மாற்றிக் கொண்டுவந்த அன்று டாக்டர் அந்த ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். எனக்குக் கைகால் நடுங்கியது. 38.4 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் அடிக்கும்போது மருந்தை நிறுத்துவார்களா?

அவர் அவசரப்படாமல் நின்று விளக்கினார். பெரிய தீக்காயம் பட்ட உடம்பு கிருமி இல்லாவிட்டாலும் பல நாள் சூடாகத்தான் இருக்குமாம், நாடியும் வேகமாகத்தான் ஓடும், வெள்ளை அணுவும் ஏறும், அதை மட்டும் வைத்துக்கொண்டு இன்ஃபெக்‌ஷன் என்று முடிவுகட்ட முடியாது. "வெந்து செத்துப்போன தோலுக்கு ரத்த ஓட்டமே இல்லைம்மா, நரம்புல ஏத்துற மருந்து அங்க எப்படிப் போய்ச் சேரும்? அந்தத் தோலை எடுத்துட்டு ஒட்டுத்தோல் வைக்கிறதுதான் முதல் வைத்தியம்" என்றார். இப்போதே வீணாக ஏற்றினால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும், அப்புறம் நிஜமாகத் தேவைப்படும்போது கையில் ஒன்றும் இருக்காது என்றும் சொன்னார்.

தேவைப்படத்தான் செய்தது. பதினோராவது நாள் டிரெஸ்ஸிங் பிரித்தபோது துணியில் பச்சையாகக் கறை, கூடவே ஒரு மாதிரி தித்திப்பான வாடை. அன்று காலையிலேயே காய்ச்சல் 39.6, சர்க்கரை திடீரென்று ஏறியிருந்தது, மூக்குக் குழாயில் கொடுத்த ஆகாரம் செரிக்காமல் அப்படியே நின்றது. சூடோமோனாஸ் என்கிற கிருமியாக இருக்கலாம் என்றார்கள். முதலில் ரத்தமும் புண்ணிலிருந்து ஒரு துளி சதையும் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு எடுத்தார்கள், உடனே மெரோபெனம், அமிகாசின் என்று இரண்டு ஆன்டிபயாடிக் ஏறியது, எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். மருந்து கொடுக்கத் தயங்குகிற டாக்டர்கள் என்று நினைத்திருந்த எனக்கு அன்றுதான் மனசு தெளிந்தது.

அந்த வார்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது காலை ரவுண்ட்ஸ். டாக்டரோடு ஒரு பார்மசிஸ்ட் அம்மாவும் வருவார். ஷீட்டில் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் நாலு கட்டம்: மருந்து, காரணம், தொடங்கிய தேதி, திரும்பப் பார்க்க வேண்டிய தேதி. பேனா முனையை அந்தக் கட்டத்தில் வைத்துக்கொண்டு "இது இன்னிக்கு எதுக்கு ஓடுது?" என்று கேட்பார், பெரிய டாக்டரையும் விடமாட்டார். தீக்காயக்காரர்களுக்குச் சிறுநீரகம் மருந்தைச் சீக்கிரமாக வெளியே தள்ளிவிடும், அதனால் வழக்கமான டோஸ் பத்தாமல் போகலாம் என்று அமிகாசின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொன்னதும் அவர்தான். குறைவாகத்தான் இருந்தது, டோஸைக் கூட்டினார்கள். மூன்றாம் நாள் கல்ச்சர் ரிசல்ட் வந்தது, சூடோமோனாஸேதான். செஃப்டசிடைம் என்கிற ஆன்டிபயாடிக் ஒன்றே போதும் என்று மற்ற இரண்டையும் நிறுத்தி, மொத்தம் ஏழு நாளில் முடித்துவிட்டார்கள். அதற்குள் கெட்ட தோலையும் எடுத்தாயிற்று.

குறையும் இருக்கிறது. விடுமுறை நாளில் கல்ச்சர் ரிசல்ட் கேட்டால் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அப்புறம், மருந்து மாற்றியதைக் கூட இருப்பவர்களிடம் யாரும் தானாக வந்து சொல்வதில்லை. மெரோபெனம் நிறுத்திய அன்று நான் கீழே பில் கட்டிவிட்டு வந்து பார்த்தால் டிரிப்ஸ் ஸ்டாண்டில் பாட்டிலைக் காணோம், கைவிட்டுவிட்டார்களோ என்று சாயங்காலம் வரை அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு கட்டத்தை ஒரு தாளில் எழுதி எங்களிடமும் கொடுத்திருந்தால் அந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும். டிஸ்சார்ஜ் அன்று சிஸ்டரிடம் இதைச் சொன்னேன், ஆலோசனைப் புத்தகத்திலும் எழுதிவிட்டுத்தான் வந்தேன்.