நான்காம் இடத்துக்காரனின் கணக்குப் புத்தகம்

இணையப் போக்கரில் ‘சிட் அண்ட் கோ’ என்று ஒரு வகை இருக்கிறது. ஒன்பது பேர் சேர்ந்த மறுகணமே மேசை தொடங்கிவிடும். எல்லாருக்கும் 1,500 சிப், அதாவது பணயம் வைக்கும் வில்லைகள். கடைசிவரை நிற்கும் மூவருக்குத்தான் பரிசு, அதுவும் 50, 30, 20 என்ற விகிதத்தில். 2021 இறுதியிலிருந்து நான்கு ஆண்டுகளாக நான் இதைத்தான் விளையாடிவருகிறேன். இலங்கையின் மலைநாட்டில், ஹட்டனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறேன். கடை மூடி, பஸ் பிடித்துக் கொட்டகலைக்கு வந்து, சாப்பிட்டு முடித்தால் எனக்கென்று மிஞ்சுவது ஒரு மணி நேரம். நூற்றுக்கணக்கானோர் ஆடும் பெரிய போட்டிகள் விடியவிடிய நீளும். மறுநாள் பேரேட்டில் கை நடுங்கும். ஒற்றை மேசை முக்கால் மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வரவு செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். 640 மேசைகள். ஒவ்வொன்றுக்கும் நுழைவு ஒரு டாலர், தளத்தின் தரகு 10 சதம்; மொத்தச் செலவு 704 டாலர். முதலிடம் 84, இரண்டாமிடம் 78, மூன்றாமிடம் 81. வரவு 734 டாலர் 40 சதம். மிச்சம் 30 டாலர் 40 சதம், அதாவது ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய். தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாய் ஆனது. அந்தப் பழைய கணக்குப்படி பார்த்தாலும் நான் நான்கு ஆண்டில் சம்பாதித்தது ஒன்பது நாள் சம்பளம். டேட்டாவுக்குக் கட்டிய பணத்தை இதில் சேர்க்கவில்லை. சேர்க்க மனம் வரவில்லை. பணம் பார்க்கலாம் என்று எண்ணி வருகிறவர்கள் இந்தப் பந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் சீட்டென்றால் முந்நூற்றிநாலுதான். மாமா அதில் மன்னன். அந்த ஆட்டத்தில் கைக்கு வந்த எட்டுச் சீட்டையும் ஆடித்தான் ஆகவேண்டும். துரும்பு சரியாக அமையாவிட்டாலும் எழுந்துபோக முடியாது. அந்தப் பழக்கத்தோடு போக்கருக்கு வந்தவன் நான். முதல் ஆண்டில் 160 மேசை ஆடி 31 டாலர் தோற்றேன். என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்க்கும் மாமா, நான் சீட்டை மடித்து, அதாவது ஆடாமல் விலகிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், “வந்த சீட்டை ஆடாமல் போடுகிறவன் எதற்கு உட்காருகிறான், மருமகனே?” என்பார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

தொடக்கத்தில் அப்படி ஆடக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கவேண்டிய பணயம், முதல் சுற்றில் வெறும் 10, 20தான். கையில் 1,500 இருக்கும்போது அவசரமே இல்லை. முதல் கையிலேயே முழுவதையும் வைத்து வென்று 3,000 சிப் ஆக்கினால் பரிசில் எதிர்பார்க்கக்கூடிய பங்கும் இரட்டிப்பாகும் என்று தோன்றும். ஆகாது. ஒன்பது டாலர் பரிசுத் தொகையில் தொடக்கத்தில் எல்லாருடைய பங்கும் ஒரு டாலர். சிப் இரட்டிப்பானவரின் பங்கு 1 டாலர் 82 சதம். தோற்றால் போவதோ முழு ஒரு டாலர். நூற்றுக்கு 55 தடவை வெல்லக்கூடிய கையாக இல்லாவிட்டால் அந்தச் சண்டையே நட்டம். சிப்பைப் பணமாக மாற்றிப் பார்க்கும் இந்த முறையை ஐசிஎம் என்கிறார்கள். இதற்கான கணிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. எனக்குப் புத்தி வந்தது அதனால்தான், வழிகாட்டிக் காணொளிகளால் அல்ல. அவற்றில் பேசுகிறவர்கள் தோற்ற கையைக் காட்டி நான் பார்த்ததில்லை.

முதல் ஆண்டு முடிவில் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தபோது ஓர் எண் உறுத்தியது. நான்காம் இடம் மட்டும் 37 தடவை. வேறெந்த இடத்திலும் அவ்வளவு தடவை முடித்திருக்கவில்லை. பரிசுக்கு ஒரு படி கீழே போய் நின்று, அங்கிருந்து விழுந்துகொண்டிருந்தேன். எப்படி விழுந்தேன் என்பதற்கு ஒரு கையைக் காட்டுகிறேன்.

நால்வர் மிஞ்சியிருக்கிறோம். பிளைண்ட் 200, 400. ஒருவரிடம் 6,000, என்னிடமும் இன்னொருவரிடமும் ஆளுக்கு 3,400, நான்காமவரிடம் வெறும் 700. நான் பெரிய பிளைண்டில் இருக்கிறேன். மற்ற இருவரும் மடித்துவிட, சின்னப் பிளைண்டில் இருந்த 6,000காரர் முழுவதையும் தள்ளினார். என் கையில் இரண்டு எட்டுகள், ஒரு ஜோடி. அந்த ஆள் கண்ட சீட்டுக்கும் தள்ளுகிறவர் என்பது எனக்குத் தெரியும். என் முழுச் சிப்பையும் ஈடு வைத்து ஏற்றேன். அவர் காட்டியது ராஜாவும் ஏழும். கடைசிப் பொதுச் சீட்டில் ராஜா விழுந்தது, அவருடைய ராஜா ஜோடி வென்றது, நான் வெளியேறினேன். மறு சுற்றில் மற்ற இருவரும் மோதிக்கொள்ள, 700 வைத்திருந்தவர் ஒரு சீட்டும் ஆடாமல் இரண்டாம் பரிசு வாங்கிக்கொண்டார். என்ன கொடுமையான அதிர்ஷ்டம் என்று இரண்டு வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பிறகு அதே கையைக் கணிப்பானில் இட்டுப் பார்த்தேன். அங்கே ஏற்பதற்கு நூற்றுக்கு 71 தடவை வெல்லும் கை வேண்டுமாம். எதிராளி கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சீட்டுக்கும் தள்ளுகிறார் என்று வைத்துக்கொண்டால்கூட எட்டு ஜோடி வெல்வது 69 தடவைதான். ராஜா விழாவிட்டாலும் நான் செய்தது பிழை. அடுத்த ஓரிரு கைகளில் உதிரப்போகும் ஒருவர் மேசையில் இருக்கும்போது, நான் ஏன் என் கழுத்தை நீட்டினேன்? தள்ளியவர் செய்ததோ முழுக்கச் சரி. தள்ளுகிறவருக்கு இரண்டு வழி: எதிராளி மடித்தாலும் ஆதாயம், ஏற்றுத் தோற்றாலும் ஆதாயம். ஏற்பவருக்கு வென்றாக வேண்டும் என்ற ஒரே வழிதான். ஒரே சீட்டு தள்ளுவதற்குப் போதும், ஏற்பதற்குப் போதாது. இதை ஏட்டில் படித்திருந்தேன். கைக்கு வர ஓர் ஆண்டு பிடித்தது.

இதை எனக்கு அதற்கு முன்பே காட்டிக்கொடுத்தது ஒரு மின்வெட்டு என்றால் நம்பமாட்டீர்கள். 2022 மார்ச். ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாத காலம். நால்வர் மிஞ்சிய மேசையில், என்னிடம் 2,900 சிப் இருந்தபோது விளக்கு அணைந்தது, ரௌட்டரும் செத்தது. கைப்பேசியின் டேட்டாவைப் போட்டுப் பார்த்தேன், மழையும் மூடுபனியுமாக இருந்த அன்றைக்கு எங்கள் லயத்துப் (தோட்டத்துக் குடியிருப்பு வரிசை) பக்கம் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. ஆள் இல்லாத இருக்கையின் பிளைண்டைத் தளமே எடுத்துக்கொண்டு சீட்டை மடித்துவிடும். கோயில் மேட்டுக்கு ஏறிப்போய் மறுபடி உள்ளே நுழைந்தால், மேசையில் மூவர்தான் இருந்தார்கள். என்னிடம் இருந்த சிப்பில் 600 குறைந்திருந்தது, பரிசு உறுதியாகிவிட்டது. என்னைவிட மின்வெட்டு நன்றாக விளையாடியிருக்கிறது.

அந்த ஆண்டின் நடுவில் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. மேசை அதே ஒரு டாலர் மேசைதான், ஆனால் வீட்டில் மாவும் பால்மாவும் விற்ற விலையில் கை வரவில்லை. சில மாதங்கள் விட்டுவிட்டேன். திரும்பி வந்ததும் சில கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டேன். இரவுக்கு இரண்டு மேசைக்கு மேல் இல்லை. கணக்கில் ஐம்பது நுழைவுக்குக் குறைந்தால் ஆட்டம் நிற்கும். கையிலிருந்து புதிதாகப் பணம் போடுவதில்லை. விரைவு மேசைகள் பக்கம் போவதில்லை, அங்கே பிளைண்ட் ஏறும் வேகத்தில் யோசிக்கவே இடமில்லை. தளத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வென்ற பணத்தை எடுக்க ஒருமுறை மூன்று வாரம் இழுத்தடித்தார்கள், அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டினார்கள்.

நடு ஆட்டம் இப்போது பழகிவிட்டது. பெரிய பிளைண்டின் பத்து மடங்குக்குக் கீழே சிப் இறங்கினால் முழுவதையும் தள்ளுவது அல்லது மடிப்பது, இடைப்பட்டது எதுவும் இல்லை. பட்டன் இடத்திலிருந்தோ (சீட்டுப் போடுகிறவரின் இடம்) சின்னப் பிளைண்டிலிருந்தோ சாதாரணச் சீட்டுக்கும் தள்ளுகிறேன். பின்னால் மடிக்கவேண்டிய ஆட்கள் அங்கே குறைவு. மாமா இதை மட்டும் ரசிக்கிறார்.

கைவராதது இருவர் மட்டும் மிஞ்சும் கட்டம். அங்கே பட்டன்தான் சின்னப் பிளைண்ட். அந்த இடத்தில் பெரும்பாலான சீட்டுகளை ஆடவேண்டும். மூன்று ஆண்டு பாடுபட்டு மடிக்கப் பழகியவனுக்கு விரல் தானாகவே மடிக்கும் பொத்தானுக்குப் போய்விடுகிறது. 162 தடவை அந்தக் கட்டத்துக்குப் போயிருக்கிறேன், 84 வெற்றி. நாணயத்தைச் சுண்டியிருந்தாலே 81 வந்திருக்கும்.